பத்துக்கு மூன்றரை

யோசனை வந்த இடம் நான் வேலை பார்க்கும் பால் சொசைட்டி. காலை ஆறரை இருக்கும். வரிசையில் மூன்றாவதாக நின்றவர் பால் போசியை நீட்டினார். நான் சேம்பிள் எடுத்துத் தரம் பார்க்கிற மெஷினில் வைத்தேன், அது முனகத் தொடங்கியது. ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அந்த நேரத்தில் வரிசையே பேச்சை நிறுத்திவிடும். சிவப்பு எண்கள் விழுந்ததும் அவர் கேட்டார்: "ஏனுங் அம்மிணி, என்னங்க சொல்லுது?" சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த மாட்டை அவருக்குக் கன்றிலிருந்து தெரியும், எனக்கு அதன் நிறம்கூடத் தெரியாது. இருந்தும் கொழுப்பு எவ்வளவு, தண்ணி எவ்வளவு என்று நான் சொன்னால் அதுதான் கணக்கு. மறுபேச்சு இல்லை.

இப்படி ஒரு எண் இருந்தால் எங்கள் குரூப்பில் சண்டையே வராதே என்று அப்போது தோன்றியது.

எங்கள் குரூப் பி.எல். தொடர்கள் பார்க்கிறவர்களுடையது. ஆணும் ஆணும் காதலிக்கிற கதைகள், தாய்லாந்தில், ஜப்பானில், கொரியாவில், தைவானில் எடுப்பவை. பதினைந்து பேர் இருப்போம். அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிற கேரளத் தமிழர்களின் பெரிய குரூப் ஒன்று உண்டு. தமிழ் தெரிந்தவர்களுக்கென்று சில வேலைகள் ஒதுக்குவார்கள், அதற்காக எல்லைப் பக்கத்து ஊர்களிலிருந்தும் மலையிலிருந்தும் நூற்றுக்கணக்கில் அதில் கிடக்கிறோம். அங்கே பழகி, ஒருத்தர் ஸ்டேட்டஸை ஒருத்தர் பார்த்து, ஓ நீங்களுமா என்று தனியாகப் பிரிந்து வந்தவர்கள் நாங்கள்.

எங்கள் சண்டை எப்போதும் ஒன்றுதான். இந்த ஜோடிக்குக் கெமிஸ்ட்ரி இருக்கிறதா, இல்லையா. ஒருத்தி கண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பாள். இன்னொருத்தி, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார், அப்போதும் உனக்கு வெட்கம் வந்தால் இருக்கிறது என்பாள். நடிகர்கள் படப்பிடிப்புக்கு வெளியே எப்படிப் பழகுகிறார்கள் என்று பேட்டியெல்லாம் தேடிப் பார்த்துச் சாட்சி சொல்கிறவர்கள் தனிக் கட்சி. பாலக்காட்டில் கோயில் தெருவிலிருந்து ஒரு அக்கா, வங்கியில் வேலை, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அரை எபிசோட் பார்த்துவிட்டுக் குரல் பதிவு போடுவார். ஊரே கொண்டாடிய ஒரு தாய்லாந்து முத்தத்தைப் பற்றி அவர் சொன்னது: "ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுண்டு நிக்கறா. நீச்சல் பழகறாப்பல இருக்கு, கேட்டியா." அதற்குப் பிறகு அந்தக் காட்சியை எங்களால் நேராகப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து நான்கு கட்டம் போட்டேன். பார்வை, தொடுதல், பேச்சு, தண்ணி. தண்ணி என்றால் கழிக்க வேண்டிய மதிப்பெண்: ரசிகர்கள் கூச்சல் போடுவதற்கென்றே சேர்த்த காட்சிகள், விளம்பர மேடையில் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்வது, அந்த வகை. பத்துக்கு இத்தனை என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் பட்டியல் வரும். முதல் ஒரு மாதம் திருவிழா மாதிரி இருந்தது. ஆளாளுக்குக் கருத்தைக் குரலாக அனுப்புவார்கள், நான் சுருக்கி எழுதி, பக்கத்தில் எண்ணைப் போடுவேன். பெரிய குரூப்புக்கும் அதைத் தூக்கிப் போட ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அலுப்பு வந்தது. எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு வேளை பால், நடுவில் தேர்வுப் படிப்பு, மிச்சமிருந்த நேரத்தில் காதல். ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துப் பார்த்தேன். அவன் இவன் கையைப் பிடித்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். மழை, குடை, தவறி விழுதல், தாங்கிப் பிடித்தல்: அரை மதிப்பெண். ஒரு காலத்தில் இந்தத் தொடர்களைப் பார்த்துத் தலையணை நனைய அழுதவள்தான் நான். கட்டம் போட்ட பிறகு ஒருமுறைகூட அழவில்லை. அதைக்கூட அப்போது கவனிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு ஜப்பான் தொடர் வந்தது. சின்ன ஊர்த் தபாலாபீசில் கடிதம் பிரிக்கிற இரண்டு பேர். வேலை முடிந்து ஒரே ரயிலில் வீடு திரும்புவார்கள். நடுவில் ஒரு கித்தான் பை. பேச்சு குறைவு, முத்தம் கிடையாது, கடைசி எபிசோடில்கூட ஒருத்தன் இறங்கிப் போகிறான், மற்றவன் ஜன்னல் வழியாகப் பார்க்கிறான், முடிந்தது. மூன்றரை போட்டேன். கீழே இப்படி எழுதினேன்: "இவர்கள் காதலர்களா, ஒரே ரயிலுக்கு டிக்கெட் எடுத்தவர்களா?" எல்லோரும் சிரித்தார்கள். வங்கி அக்காகூடச் சிரித்தார்.

மறுநாள் எனக்கு மட்டும் ஒரு குரல் பதிவு வந்தது. குரூப்பில் இருந்த ஒரு அண்ணன். எல்லாவற்றையும் பார்ப்பார், எதற்கும் வாய் திறக்க மாட்டார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, தேர்வெழுதி, மலைமேல் அரசு ஆபீஸ் ஒன்றில் கிளார்க். தேவிகுளம் என்று எழுதுகிறேன். அவரைப் பற்றி நான் இங்கே எழுதியிருப்பதில் பாதியை அவரே படித்துப் பார்த்து மாற்றிக் கொடுத்தார். எந்தப் பாதி என்று சொல்ல மாட்டேன். பெரிய குரூப்பில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் எது நிஜம் என்று குழம்பட்டும், அதற்கும் அவர் சம்மதித்துவிட்டார்.

பதிவில் பின்னால் ஜீப் சத்தம் கேட்டது. பதற்றமில்லாத குரல். "தங்கச்சி, மூணரை போட்டிருக்கீங்க. அது உங்க இஷ்டம். ஆனா அந்தப் பையை நீங்க பாக்கலன்னு நினைக்கேன்."

பிறகு சொன்னார். அவருக்கு ஒருத்தர் இருக்கிறார், எட்டு வருஷமாக. அதே ஊரில் ஒரு கடையில் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை சாயங்காலம் ஒரே பஸ்ஸில் லயத்துக்குத் திரும்புவார்கள், நாற்பது நிமிஷம். வீட்டில் ஆட்கள், லயத்தில் சுவருக்குச் சுவர் காது. அந்த நாற்பது நிமிஷம்தான் அவர்களுக்கு.

"நடுவுல ஒரு பை இருக்கதுனாலதான் எங்களால பக்கத்துல உக்கார முடியுது. பை இல்லன்னா ஒருத்தன் முன்னால, ஒருத்தன் பின்னாலன்னு போயிருவோம். பை மேல ரெண்டு பேரும் கை வச்சுக்கிடலாம்லா. பையைப் பிடிச்சிருக்காங்கன்னுதான் பாக்கிறவன் நினைப்பான்."

நான் அந்தத் தொடரை மறுபடி போட்டேன், இந்த முறை சரியான வேகத்தில். முதல் எபிசோடில் பை ஒருத்தன் மடியில் இருக்கிறது. இரண்டாவதில் காலடியில். மூன்றாவதில் நடுவுக்கு வருகிறது. ஐந்தாவதில் அதன் மேல் இரண்டு கைகள் இருக்கின்றன, பக்கத்துப் பக்கத்தில், எபிசோட் முடிகிறவரை. என் காகிதத்தில் தொடுதல் என்ற கட்டத்தில் சைபர் போட்டிருந்தேன்.

இங்கேதான் நான் செய்தது வருகிறது. அவர் எனக்கு மட்டும் அனுப்பினார். அது எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் நிற்கவில்லை. இவ்வளவு நாள் கேட்ட கருத்துகளிலேயே நல்ல கருத்து இது, இதை எழுதாமல் எப்படி இருப்பது? சாயங்காலப் பால் வருவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். மூன்றரையை எட்டரை ஆக்கினேன். பெயர் போடவில்லை, அதனால் ஆபத்தில்லை என்று நினைத்தேன். "மலைமேல் அரசு ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் நண்பர் ஒருவர்" என்று எழுதினேன். பஸ், பை, நாற்பது நிமிஷம், எல்லாம் போட்டேன். நன்றாக வந்திருந்தது. அனுப்பிவிட்டுப் பால் அளக்கப் போனேன்.

யாரோ வழக்கம்போல அதைப் பெரிய குரூப்புக்குத் தூக்கிப் போட்டார்கள். அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் ரேங்க் லிஸ்ட் மனப்பாடம் என்பதை நான் மறந்திருந்தேன். எந்த ஆபீஸில் தமிழ் தெரிந்தவருக்கு வேலை போட்டார்கள், யாருக்கு எங்கே போஸ்டிங், யார் எப்போது ரிட்டயர் ஆவார், எந்த இடம் காலியாகும், இதைத்தான் நாங்கள் வருஷக்கணக்காகப் படித்துக்கொண்டிருக்கிறோம். பாடத்தைவிட இது நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும். பத்து நிமிஷத்தில் ஒருத்தன் எழுதினான்: "மலைமேல, தமிழ் கிளார்க்கு. மொத்தமே மூணு பேரு. ஒருத்தர் பொம்பள, ஒருத்தர் ரிட்டயர் ஆகப் போறாரு. மிச்சம் யாருங்க?" கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன. நான் போனை எடுத்துப் பார்த்தபோது அண்ணன் இரண்டு குரூப்பிலிருந்தும் வெளியேறியிருந்தார்.

எழுதியதை அழித்தேன். அழித்து என்ன? தூக்கிப் போட்டது அங்கேயே இருந்தது. அன்று ஒரு கேனின் எண்ணை இன்னொரு கேனுக்கு எழுதிவிட்டேன். பால் கொண்டுவந்த அம்மா, "கண்ணு, தூங்குலீங்களா?" என்றார்.

நான்கு நாள் அண்ணன் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் மதியம் எடுத்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், நிறுத்தச் சொன்னார். நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று அவருக்குத் தெரியுமாம். ஆபீஸில் யாரும் நேராக ஒன்றும் கேட்கவில்லையாம். ஒரே ஒருத்தர் மட்டும், என்ன சார் பையெல்லாம் புதுசா இருக்கு என்றாராம், அதுகூடச் சும்மா கேட்டதாக இருக்கலாம்.

"இப்ப அவன் முந்தின பஸ்ல போறான் தங்கச்சி. நான் அடுத்ததுல."

அவ்வளவுதான் சொன்னார்.

வங்கி அக்காவிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன். "அவன் உங்கிட்ட மட்டும் சொன்னதை நீ எதுக்குடீ ஊருக்கு வாசிச்சுக் காட்டினே? நன்னா இருந்தது, அதனாலே. அதாக்கும் உன் தப்பு," என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, அழுது பிரயோஜனம் இல்லை, எதையாவது செய்ய முடியுமா பார் என்றார்.

செய்ய முடிந்தது ஒன்றுதான் தெரிந்தது. அந்த நண்பர் என்று யாருமே இல்லை, நானே கட்டிவிட்ட கதை என்று சொல்லிவிடுவது. இந்த முறை முதலில் அவரிடம் கேட்டேன். அரை நாள் கழித்து, "செய்யுங்க" என்று ஒரு சொல் வந்தது. பெரிய குரூப்பில் எழுதினேன்: மலை நண்பர் என் கற்பனை, தொடருக்கு ஆள் சேர்ப்பதற்காக எழுதினேன், மன்னிக்கவும். கிழித்துவிட்டார்கள். அப்போ இத்தனை நாள் போட்ட கருத்தெல்லாம் நீங்களே எழுதினதா என்றாள் ஒருத்தி. தண்ணி கலக்குறது யாருன்னு இப்பத்தானுங்க தெரியுது என்றான் எருத்தேன்பதி ஊர்க்காரன் ஒருத்தன். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றே பதில் போட்டேன். எங்கள் சின்ன குரூப்பிலிருந்தும் ஐந்தாறு பேர் போய்விட்டார்கள், மதிப்பெண் பட்டியலை நம்பித் தொடர் பார்த்தவர்கள். அவர்கள் கோபம் நியாயமானதுதான்.

நம்பினார்களா என்று கேட்டால் தெரியாது. அந்த வாரமே புது ரேங்க் லிஸ்ட் வந்தது. எல்லோரும் அதில் தங்கள் எண்ணைத் தேடப் போய்விட்டார்கள். என் பெயர் எங்கோ அடியில் இருந்தது. மறந்தார்களா, நம்பினார்களா, மனதில் வைத்துக்கொண்டிருக்கிறார்களா, இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. கேட்டால் மறுபடி கிளறியதாகிவிடும்.

இப்போது பட்டியல் கிடையாது. மிச்சமிருக்கிற நாங்கள் பார்க்கிறோம், பேசுகிறோம், அக்கா வழக்கம்போல ஒருத்தரை விடாமல் கேலி செய்கிறார். ஒரு ஜோடி எனக்கு ஒட்டவில்லை என்றால், எனக்கு ஒட்டவில்லை என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். அது கடினமாகத்தான் இருக்கிறது. வாய் தானாகவே எண்ணைத் தேடுகிறது. யாராவது நல்ல குரல் பதிவு அனுப்பினால் கை பரபரக்கிறது. கேட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தேர்வுப் புத்தகத்தை எடுக்கிறேன். அதிலும் மனம் நிற்பதில்லை.

இதை எழுதி அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு மாதம் வைத்திருந்தார். மாற்ற வேண்டியதை மாற்றித் திருப்பி அனுப்பும்போது கூடவே ஒரு குரல் பதிவு.

"ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கட்டும் தங்கச்சி. மழை, பிள்ளைங்க கூட்டம். யாரு யாரு பக்கத்துல உக்காந்திருக்கான்னு எவன் பாக்கப் போறான். அவன் என் பஸ்லயே அடுத்த ஸ்டாப்ல ஏறுதேன்னு சொல்லிருக்கான். ஏறிப் பாக்கோம்."

ஜூனுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பள்ளி திறக்கிற அன்று சாயங்காலம், பஸ் லயத்துக்குப் போய்ச் சேரும் நேரத்தில், என்ன ஆச்சுங்ணா என்று கேட்க என் விரல் துடிக்கும். என்னை எனக்குத் தெரியும். கேட்காமல் இருந்து பார்க்கப் போகிறேன்.