சலவைக்கடைக்காரர் பவளம் வளர்த்த கதை

அந்தச் சலவைக்கடைக்காரருக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. தொழில் அப்படி என்பார்கள். அந்தத் தொழில் பார்க்கிற எல்லோருமா வீட்டுக்கு வந்து கதவுக் கீலைப் பழைய பல் பிரஷ் வைத்துத் தேய்க்கிறார்கள்? இவர் தேய்ப்பார். வந்தவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் டம்ளரைக் கழுவக் கை நீட்டுவார். கட்டிக்கொண்ட புதிதில் மனைவிக்கு இது பெருமையாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. எந்தப் பெண்ணுக்குத்தான் பழகாமல் போயிருக்கிறது!

தெருவில் அவருக்குப் பெயரே ‘பளிச்’. துணியிலுள்ள கறையை முகர்ந்து பார்த்தே இது காபி, இது மை, இது துரு என்று சொல்லிவிடுவார். ஒருமுறை ஒருவர் சட்டையைப் பார்த்து “இது உதட்டுச்சாயம்” என்று அவர் பெண்டாட்டியை வைத்துக்கொண்டே சொல்லி, கடை வாசலில் ரகளையானதும் உண்டு.

மனைவி பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகன் வேலை கிடைத்து வெளியூர் போனதும், காலியான அறையில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வைத்தாள். உப்புத் தண்ணீர், நாலைந்து மீன், மீதி முழுக்கப் பவளம். கழுத்தில் போடுகிற மணி இல்லை, உயிருள்ள பவளம். கல்லில் ஒட்டிக்கொண்டு, கிளை விட்டு, குட்டிக் குட்டி வாயைத் திறந்து தின்று வளர்கிற ஜீவன். அதில் ஊதா நிறத்தில் கிளை கிளையாக ஒன்று. நகத்தளவு துண்டாக வாங்கியதை இரண்டு கை அகலத்துக்கு வளர்த்திருந்தாள். அதற்குப் ‘பட்டத்தரசி’ என்று பெயர். புருஷனை அந்தத் தொட்டிப் பக்கமே அண்டவிடமாட்டாள். ஏன் என்று கேட்கவே வேண்டாம்.

இப்படியிருக்கையில் அவளுடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். இவள்தான் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“என்னங்க, காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ மீனுக்குத் தீனி போடுங்க. தண்ணி குறைஞ்சா கேன்ல இருக்கிறத ஊத்துங்க. வேற எதுலயும் கை வைக்காதீங்க.”

“நான் என்ன சின்னப் புள்ளையா?”

“சின்னப் புள்ளையா இருந்தா இவ்வளவு சொல்ல மாட்டேன்.”

பஸ் கிளம்பியதுதான் தாமதம், மனிதர் வீட்டுக்கு வந்து சட்டைக் கையை மடித்துவிட்டார்.

பின் கண்ணாடியில் படிந்திருந்த பச்சையைச் சுரண்டினார். கல்லையெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்தார். தண்ணீர் வடிகிற வடிகட்டித் துணியை அவள் வாரம் ஒருமுறை அலசுவாள், இவர் தினமும் அலசினார். அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கிற மெஷினை முழு வேகத்தில் ஓடவிட்டார். வளர்ப்பு மீன் கடையில் அழுக்கு உறிஞ்சுகிற கறுப்பு மணி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சொன்ன அளவுக்கு ரெண்டு மடங்கு போட்டார். தீனி மிஞ்சினால் அதுவும் அழுக்குத்தானே என்று தீனியைப் பாதியாக்கினார். தண்ணீர் எப்படி ஆயிற்றென்றால், மீனெல்லாம் அந்தரத்தில் தொங்குவதுபோல் தெரிந்தது. அவள் வைத்திருந்த மருந்தைச் சொட்டிச் சோதித்தால் கழிவு துளிகூட இல்லை என்றது. அந்தச் சோதனைக் குழாயைக் கடைக்கே கொண்டுபோய் வாடிக்கையாளர்களிடம் காட்டினார். துணி வாங்க வந்தவர்கள் பாவம், தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பட்டத்தரசியும் நாளுக்கு நாள் வெளிறி வந்தாள். இவருக்குப் பரம சந்தோஷம். அழுக்கு விடுகிறது என்று நினைத்துக்கொண்டார்! அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு தேய்ப்புத் தேய்த்ததில் ஒரு கிளை படக்கென்று ஒடிந்தது. ஒடிந்த நேரம் பார்த்து மச்சான் உள்ளே வந்தான். மனைவியின் தம்பி, பைக் மெக்கானிக். அக்காவைப் பார்த்து அவனும் வீட்டில் ஒரு சின்ன உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தான். கிரீஸ் கையைத் தண்ணீருக்குள் விட்டு அந்தத் துண்டை எடுத்தவனும் அவன்தான்.

“அக்காவுக்குத் தெரிஞ்சா உங்கள ஒடிச்சிரும் மாமா.”

“தெரிஞ்சாத்தானே? உன் வீட்டுத் தொட்டியில போட்டுக்க மாப்ளே. மூச்சு விடாத.”

லஞ்சத்தை வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான்.

கொஞ்ச நாளில் பட்டத்தரசியின் அடிப்பக்கம் தோல் உரிய ஆரம்பித்தது. உள்ளே எலும்பு வெள்ளை. மற்ற பவளங்களெல்லாம் வாயைத் திறக்காமல் சுருங்கிக்கொண்டன. இது சுத்தமில்லை, சாவு என்று அப்போதுதான் மனிதருக்கு உறைத்தது. அந்த அறையில் அவள் வைத்துக் காப்பாற்றியது இது ஒன்றுதான். முதல் தடவையாக அவரை நம்பி விட்டுப் போயிருக்கிறாள்.

அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எது வந்து பட்டது? கறைக்குக் கேட்கிற அதே கேள்வி. உப்பை அளந்தார், சரியாக இருந்தது. சூடும் சரி. ஹீட்டரைக் கழற்றி மின்சாரம் கசிகிறதா என்று பார்த்தார், இல்லை. பக்கத்து வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், அந்த வாடைதான் என்று போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்து ஜன்னலை டேப்பால் ஒட்டினார். கடைசியில் தண்ணீரையே முகர்ந்து பார்க்கக் குனிந்தார். பசியில் கிடந்த மீன் ஒன்று மூக்கைக் கவ்விற்று. நல்லா வேண்டும்.

மீன் கடைக்காரர் தண்ணீரில் செம்பு இருக்கிறதா, விஷம் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தார். “குத்தமே இல்ல சார். இவ்வளவு சுத்தமான தண்ணிய நான் பாத்ததே இல்ல.”

அந்தத் துக்கத்திலும் மனிதருக்கு உச்சி குளிர்ந்தது, பாருங்கள்.

போனில் மனைவி, “தொட்டியக் கொஞ்சம் காட்டுங்களேன்” என்றால், “சிக்னல் சரியில்லம்மா” என்று வைத்துவிடுவார்.

அப்போதுதான் மச்சானின் கிரீஸ் கை ஞாபகம் வந்தது. அகப்பட்டான் திருடன்! நேரே அவன் வீட்டுக்குப் போனார். அங்கே அடுப்படி மேடைமேல், ஸ்பேனருக்குப் பக்கத்தில் அவன் தொட்டி. கண்ணாடி முழுக்கப் பச்சை. போகிறவர் வருகிறவரெல்லாம் தீனியை அள்ளிப் போட்டு அடியில் கசடு. இவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கசட்டுக்கு நடுவே ஒடிந்த துண்டு கொழுகொழுவென்று நின்றது. ஊதா அப்படி ஒரு ஊதா. நுனியில் புதுத் தளிர் வேறு.

“என்னடா பண்ற இதுக்கு?”

“ஒண்ணும் பண்றதில்லையே மாமா.”

“கடைசியா எப்பக் கழுவின?”

“கழுவணுமா?”

மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அதே கடை உப்பு, அதே மாதிரி விளக்கு, அதே உடம்பில் ஒடித்த துண்டு. அந்தக் கிரீஸ் கையும் இங்கே தினம் முங்கி எழுகிறது. அப்படியானால் வந்து பட்டது எதுவும் இல்லை. இங்கே இருந்து அங்கே இல்லாதது எது? அழுக்கு. மீன் போடுகிற கழிவும் மிஞ்சின தீனியும் கரைந்த தண்ணீர்தான் பட்டத்தரசிக்குச் சாப்பாடு. அதை ஒரு சொட்டு விடாமல் வழித்தெடுத்துவிட்டு, ஏன் இளைத்தாள் என்று ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“பட்டினி போட்டுட்டேன்டா.”

விஷயத்தைக் கேட்டதும் மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “நம்ம தண்ணி ஒரு வாளி தரட்டுமா மாமா? நல்ல ஊட்டமான தண்ணி.”

வாங்கவில்லை. திடீரென்று மாற்றினால் மீதி உயிரும் போய்விடும் என்று மீன் கடைக்காரர் எச்சரித்திருந்தார். கறுப்பு மணியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். நுரை மெஷினைத் தணித்தார். மீனுக்கு வயிறாரப் போட்டார். கண்ணாடியில் பச்சை ஏற ஏற அவருக்கு உடம்பெல்லாம் ஊறியது. தாங்க முடியாமல் வாசல் கேட்டைக் கழுவினார். அது தீர்ந்து பக்கத்து வீட்டுக் கேட்டையும் கழுவினார். பெயின்ட் சண்டை அதோடு சமாதானமாயிற்று.

லீவை நீட்டிக்கவும் மாற்றுத் துணி எடுக்கவும் மனைவி ஒரு நாள் வந்தாள். அக்காவின் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. பஸ் நிலையத்திலிருந்து தம்பிதான் கூட்டி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டி அறைக்குள் போனாள். இவர் பின்னாலேயே போய், பிரஷ்ஷிலிருந்து பட்டினி வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டார்.

அவள் தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள். பட்டத்தரசி பாதி எலும்பாக நின்றாள். மேல் கிளைகளில் மட்டும் ஊதா மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

“ஏன் போன்ல சொல்லல?”

“சொன்னா நீ அக்காவ விட்டுட்டு ஓடி வந்திருப்ப.”

“அதுக்கா சொல்லல?”

“...திட்டுவியேன்னுதான்.”

“கட்டிங் பிளேயர எடுத்துட்டு வாங்க.”

செத்த கிளைகளை அவளே நறுக்கி எறிந்தாள். உயிருள்ள நுனிகளைப் பசை வைத்துக் கல்லில் ஒட்டினாள். அத்தனை நேரமும் இவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சொட்டிய தண்ணீரைத் துடைக்கவில்லை.

கிளம்புகிற நேரத்தில் தம்பி சொன்னான்: “அக்கா, நீ வர்ற வரைக்கும் எல்லாத்தையும் நம்ம வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்.”

அவன் சொல்வது நியாயம் என்று மனிதருக்கே தெரியும். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். நாலு பக்கமும் பச்சை. வடிகட்டித் துணி பழுப்பேறிக் கிடந்தது. அதோடு ஒரே வீட்டில் இத்தனை நாள் குடியிருக்க அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்பது அவளுக்குத் தெரியாதா!

“இங்கயே இருக்கட்டும். அவரே பாத்துக்குவாரு.”

அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தவர், மெல்லக் கேட்டார்.

“அந்தக் கண்ணாடிய மட்டும் துடைக்கலாமா?”

“முன்பக்கம் மட்டும்.”

“பின்பக்கம்?”

“பின்பக்கத்துல உங்களுக்கு என்ன வேல?”