விதைக்கு ஒரு சாண் தள்ளி

தாராவியில் எங்கள் சந்துக்குப் பின்னால் இருந்த தோல் பட்டறையை மூடின வருஷம் என் வீட்டுக்காரர் படுத்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை. இருபது வருஷம் தோல் ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் கை விட்ட மனுஷன். விரல் இடுக்கெல்லாம் வெந்து, ஆறி, மறுபடியும் வெந்து, கட்டை விரலில் நகமே இல்லாமல் போயிருந்தது. இன்னும் நாலு பட்டறையில் போய்க் கேட்டார். வயசான கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் மாதுங்காவில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருவேன். போகும்போது எப்படிக் கிடந்தாரோ வரும்போதும் அப்படியே கிடப்பார். சோறு வைத்தால் சாப்பிடுவார். வைக்காவிட்டால் கேட்கமாட்டார்.

எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ரயில்வேயில் தண்டவாளம் பழுது பார்க்கிற கேங்மேன். சயானுக்கும் மாதுங்காவுக்கும் நடுவில், தண்டவாளத்தை ஒட்டி, கீரை போட்டுக்கொள்ள அவருக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்திருந்தார்கள். அவருக்கு முதுகு முடியவில்லை, ஒரு மழைக்காலத்துக்கு நீங்கள் பாருங்கள் என்று வீட்டுக்கு வந்து சொன்னார். மக்காச்சோளம் போடலாம், மழை நேரத்தில் சுட்ட கதிருக்கு இந்த ஊரே அலையும் என்றேன் நான். சுவர்ப் பக்கம் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து, கடப்பாரை யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். ஐந்து மாசத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி அது. அந்தச் சோளம் வந்தால் இந்த மனுஷன் எழுந்து நடமாடிவிடுவார் என்று எனக்குப் பட்டது. வேறு எதற்கும் நான் ஆசைப்படவில்லை.

அது மண்ணே இல்லை. பழைய கரித்தூளும் ஜல்லியும் இறுகிக் கிடந்த தரை. முழுக்கக் கொத்த யாராலும் ஆகாது. அதனால் ஒரு சாண் அகலத்துக்குக் கோடு மாதிரிப் பிளந்து, அந்தக் கோட்டை மட்டும் கையால் பொடித்து இளக்கினார். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் புல் கிடந்தபடியே கிடந்தது. அப்படி ஒன்பது கோடு. பக்கத்துத் துண்டில் கீரை போட்ட வடக்கத்தி பைய்யா, இது என்ன, வயலுக்கு வகிடு எடுக்கிறீர்களா என்று இந்தியில் கேட்டுச் சிரித்தான். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அதையும் நான் பார்த்தேன்.

செம்பூரில் ஒரு கடையில் யூரியா வாங்கி வந்தேன். எங்கள் அப்பா வீட்டில் யூரியா கிடையாது. குழி தோண்டி, ஒரு பிடி ஆட்டுப்புழுக்கை போட்டு, லேசாக மண் தள்ளி, அதன் மேல் விதையை வைப்போம். மழைக்கு முந்தியே காய்ந்த மண்ணில் வைத்துவிட்டால் முதல் மழைக்கு முளைக்கும். உரம் என்றால் எனக்கு அதுதான். புழுக்கை விழுகிற இடத்தில் வெள்ளை உரம், அவ்வளவுதானே என்று மடியில் கட்டிக்கொண்டு குனிந்தேன்.

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, இத விதைக்குக் கிட்ட போடாத. சுண்ணாம்பு கூடுனா எருமத்தோலே வெந்துரும். இது விதை. முளைச்சு முழங்கால் உசரம் வரட்டும். அப்புறம் ஒரு சாண் தள்ளிப் போடு."

கேங்மேன் நின்றுகொண்டிருந்தார். பைய்யாவும் பார்த்துக்கொண்டிருந்தான். சம்சாரி வீட்டில், விவசாயத்தில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு விதைக்கச் சொல்லித்தர ஒருத்தர் வேண்டுமா என்று எனக்குள் ஒன்று ஏறியது.

"நீங்க செத்த மாட்டுத் தோல ஊறப்போட்டவிய. உசுருள்ளத எப்படி வளக்கணும்னு உங்களுக்கு என்ன தெரியும்?"

கேங்மேன் வேறு பக்கம் பார்த்தார். என் வீட்டுக்காரர் சாக்கடை ஓரத்துக் கடைசிக் கோட்டுக்குப் போய், அதில் வெறும் விதையை மட்டும் ஊன்றினார். முடித்துவிட்டுக் கடப்பாரையை வேலியில் சாத்திவிட்டு நடந்தார். மற்ற எட்டுக் கோட்டையும் என் இஷ்டப்படி நான் போட்டேன்.

மறுநாள் ஒரு தூறல் விழுந்தது. பிறகு எட்டு நாள் வானம் மூடியிருந்ததே தவிர ஒரு சொட்டு இல்லை. பத்தாம் நாள் போனால் கடைசிக் கோட்டில் பச்சை ஊசி ஊசியாக நிற்கிறது. என் எட்டுக் கோட்டிலும் ஒன்றுமில்லை. கிளறிப் பார்த்தேன். விதை ஊறி வெடித்திருந்தது. வேர் நுனி தீய்ந்த திரி மாதிரி கறுத்திருந்தது. எந்த இடத்தில் தோண்டினாலும் அதே கதை. பைய்யா வந்து எட்டிப் பார்த்து, "ஜல் கயா, அம்மா" என்றான். எரிந்துபோனது என்று எனக்கும் தெரிந்தது. மறுபடி ஊன்ற விதை இல்லை. வாங்கி வருவதற்குள் பெரிய மழை பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்தேன். விதைத்த அன்று நடந்துபோனவர் மறுபடியும் சுவர்ப் பக்கமே கிடந்தார், நிலத்துப் பக்கம் வரவே இல்லை. முளைத்ததா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கடைசிக் கோட்டை நான் விடவில்லை. முழங்கால் உயரம் வரக் காத்திருந்தேன். மழை விட்ட ஒரு காலையில், தண்ணீர் ஓடாத நேரம் பார்த்து, தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கோடு கீறி உரத்தை வைத்து மூடினேன். என் சாண் சின்னது. அவர் கை பெரிய கை என்று ஒவ்வொரு செடிக்கும் இரண்டு விரல் கூட்டி அளந்தேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. செடி கருநீலப் பச்சையாக என் தலைக்கு மேல் போனது. லோக்கல் வண்டியில் போகிறவர்கள் கதவோரம் நின்று கை காட்டினார்கள்.

முதல் கதிரை ஒடித்து முந்தானைக்குள் வைத்துக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். எழுந்து உட்கார்ந்தார். மட்டையை உரித்து, நகமில்லாத கட்டை விரலால் ஒரு மணியை அழுத்தினார். பால் தெறித்தது. முகம் கொஞ்சம் மாறியது.

"எந்தக் கோட்டுல உள்ளது?"

உங்கள் கோட்டில் உள்ளது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அதற்குத்தான் கொண்டுபோனேன். ஆனால் அப்படிச் சொன்னால் என் எட்டுக் கோடும் கருகியதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாயில் வந்தது வேறு.

"எல்லாக் கோட்டுலயுந்தான். ஒம்பதும் வந்திருக்கு."

கதிரை அவர் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"அப்போ நீ சொன்னதுதான் சரி" என்றார். "எனக்குத் தெரிஞ்சது தோல் ஒண்ணுதான். அதுவும் போச்சு."

கதிரைத் தரையில் வைத்துவிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அடுத்த மழைக்கு கேங்மேன் அந்தத் துண்டை பைய்யாவுக்குக் கொடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் இருந்தார். இரண்டு மழைக்காலம் எனக்கு நேரம் இருந்தது. சோற்றுத் தட்டை வைக்கிறபோதெல்லாம், உங்கள் கோடு ஒன்றுதான் முளைத்தது என்று சொல்ல வாயெடுப்பேன். தட்டை வைத்துவிட்டு, குழம்பு போதுமா என்று கேட்பேன். போதும் என்பார்.