உருவிய வாளுக்கு முன்னால்

பியர்பொன்ட்ஸ் பழம்பொருள் சந்தையில், பீங்கான் கோப்பைகளுக்கும் பாட்டுக் கேசட்டுகளுக்கும் நடுவே ஒரு ஜப்பானிய வாள் படுத்திருக்கிறது. இப்படி ஒன்றைத் தேடித்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக மான்ட்ரியல் சந்தைகளில் அலைகிறேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். வாளைத் தந்துவிட்டுப் போன ஜப்பானியப் பெரியவர், அதைப் பராமரிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் விற்கச் சொன்னாராம்.

"உங்களுக்குத் தெரியுமோ அண்ணை?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? இருபது வருஷமா இதைத்தானே படிக்கிறேன்."

உறையிலிருந்து மெல்ல உருவுகிறேன். விளிம்பில் அலை அலையாக ஓடும் கோட்டைக் காட்டுகிறேன். விரல் படக்கூடாது, ஈரம் ஆகவே ஆகாது, உடனே துரு பிடித்துவிடும் என்று விளக்குகிறேன். பேச்சு என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாளையே பார்க்கிறார். நானும் குனிகிறேன். பளபளக்கும் எஃகில் என் எச்சில் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருக்கிறது.

"தாங்கோ அண்ணை." மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றித் துடைக்கிறார். "அந்த மனிசன் இதை உருவினால், திரும்ப உறைக்குள்ளை வைக்குமட்டும் வாயே திறக்கமாட்டார். ஏனெண்டு இப்பதான் விளங்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சிரித்துக்கொண்டல்லவா சொல்கிறார். வாள் உறைக்குள் போகிறது, பிறகு மேசைக்கு அடியில் போகிறது.

"வேறை ஏதும் பாக்கிறியளோ? கோப்பை கிடக்கு. அதுக்கு முன்னாலை எவ்வளவும் கதைக்கலாம்."

வாயைத் திறக்காமல் ஒரு கோப்பையைத் தொட்டுக் காட்டுகிறேன்.