புரட்டாசி சனிக்கிழமையில் ஒரு கலப்பின மீன்

சாப்பிடப் போவதில்லை என்றால் அதை ஏன் பிடித்தோம்? ஐந்து வயது மகள் ஏரிக்கரையில் கேட்ட இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

சென்ற வசந்தத்தில் அவளுக்கு மூச்சு இழுத்து எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மதுரையிலிருந்து என் மாமியார், புரட்டாசி முழுக்க நம் வீட்டில் யாரும் கவுச்சி தொடக்கூடாது என்று பேத்திக்காக நேர்ந்துகொண்டார். நான் மறுபேச்சு பேசவில்லை. புரட்டாசி பிறந்ததும், பிஸ்கட்டில் முட்டை இருக்கிறதா என்று, கடல் கடந்து நாங்கள் வசிக்கும் ரவுண்ட் ராக் ஊரின் கடைகளில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.

அப்போதுதான் கணவரின் அலுவலக நண்பர் தன் படகில் மீன்பிடிக்கக் கூப்பிட்டார். தூத்துக்குடிக்காரர், கத்தோலிக்கர், புரட்டாசி அவருக்கு நினைவில்லை.

"பிடிச்சிட்டு விட்டுடலாம்பா. சாப்பிட்டாதான விரதம் கெடும்?" என்றார் கணவர். எனக்கும் அது சரியாகவே பட்டது.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். மகளின் லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்ஹேலர் கைப்பையில் இருந்தது. இங்கே கிடைப்பது கடல் வரிமீனையும் ஏரியில் வாழும் வெள்ளை பாஸ் மீனையும் கலந்து பண்ணையில் குஞ்சு பொரிக்கவைத்த மீன், இந்த ஏரியில் தானாகப் பெருகாது, அரசாங்கம்தான் குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுகிறது என்று நண்பர் சொன்னார். மகள் கேட்கவில்லை. அவள் தூண்டில் வளைந்துவிட்டது.

பிடித்தது அவள்தான். அப்பா கழியை மட்டும் தாங்கிக்கொண்டார். வெள்ளி உடம்பு, நடுநடுவே அறுந்துபோன கறுப்புக் கோடுகள். ஒரு விரலால் தடவி, "பை பை ஃபிஷ்" என்றாள். கணவர் தண்ணீரில் விட்டார். மீன் நீந்தவில்லை. வயிறு மேலே தெரியப் புரண்டது. நண்பர் வாலைப் பிடித்து நிமிர்த்தி, முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்த்தார். கையை எடுத்ததும் மறுபடி புரண்டது.

"ஆழத்துலேருந்து போராடி வந்திருக்கு. மேல தண்ணி வெந்நி மாதிரி கெடக்கு. இந்தச் சூட்டுல விட்டா பொழைக்காதும்மா. நீங்க சாப்பிடத்தான் வர்றீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"புரட்டாசிடா" என்றார் கணவர்.

"எங்க தவக்காலத்துல மீனுக்குத் தடையே இல்ல மாப்ள. பேசாம எங்க பக்கம் வந்துரு."

சொல்லிவிட்டு மீனை எடுத்து ஐஸ் பெட்டியில் போட்டார். கரைக்கு வந்ததும், ஐஸ் பெட்டியில் கிடந்த மீனைப் பார்த்து மகள் கேட்டாள்: "வி ஆர் நாட் ஈட்டிங் இட்? தென் வொய் டிட் வி கேட்ச் இட், அம்மா?"

நண்பர் சங்கடப்பட்டு, "விடும்மா, நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார். சரி என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அது எவ்வளவு சுலபம்! விரதமும் கெடாது, அத்தைக்கும் தெரியாது. மகள் பெட்டியின் மூடியை விடாமல் பிடித்திருந்தாள்.

"வெட்டிக் குடுங்கண்ணா. நாங்களே எடுத்துட்டுப் போறோம்."

கணவர் என்னையே பார்த்தார். நண்பர் கரையிலிருந்த மேடையில் வைத்து வெட்டி, ஓரத்துச் சிவப்புச் சதையை வழித்து எறிந்தார். கவுச்சி வாடை அங்கேதானாம். தலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வழக்கமாக மீனைக் கொல்லைப்புறத்து அடுப்பில்தான் சமைப்பேன். அன்று சமையலறையிலேயே புளி கரைத்தேன். சாமிப் படங்கள் இருக்கும் பேன்ட்ரி அலமாரியின் கதவைச் சாத்தினேன். பிறகு போய்த் திறந்து வைத்தேன். ஒளித்துச் செய்ய இதில் என்ன இருக்கிறது?

குழம்பு கொதிக்கும்போது அத்தையின் வீடியோ கால் வந்தது. மகள் முந்திக்கொண்டாள்: "பாட்டி! ஐ காட் எ ஃபிஷ்! அம்மா குக் பண்றா!"

"எங்களுக்கு ஞாயித்துக்கிழம விடிஞ்சிருச்சு. உங்களுக்கு இன்னும் சனிக்கிழமதான?"

"ஆமா அத்தை."

"தெரிஞ்சேவா செய்யிற? நான் எனக்கா நேந்துக்கிட்டேன்? அந்தக் கருமத்தக் குப்பையில போட வேண்டியதுதான?"

"அவ பிடிச்ச மீன அவ கண்ணு முன்னாடி குப்பையில போட மாட்டேன் அத்தை. உசுரு போயிருச்சு. அத வீணாக்குறதுதான் எனக்குப் பாவமாத் தெரியுது."

அத்தை அழைப்பைத் துண்டித்தார். "நான் வேணா பிட்ஸா சொல்லட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார் கணவர். நான் தட்டு வைத்தேன். மகள் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, காரம் என்று தயிரைக் கேட்டாள். நாங்கள் மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த வாரமே அவளுக்கு இருமல். "பாத்தியா" என்றார் அத்தை. இது ராக்வீட் என்ற களை பூத்து மகரந்தம் பறக்கும் பருவம், தெருவில் பாதிப் பிள்ளைகள் இருமுகிறார்கள் என்றேன். சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுததால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடாது. அதே மீன் இன்னொரு முறை வந்தாலும் இதையேதான் செய்வேன்.

இருமல் போய்விட்டது. தூண்டில் கராஜில் நிற்கிறது. வரும் புரட்டாசியில் அத்தை இங்கே எங்களோடு இருப்பார். மகள் இப்போதே ஏரிக்கு நாள் கேட்கிறாள்.

வாசகர்களே, வெந்நீராய்க் கிடக்கும் ஏரியில் இந்த மீனை உயிரோடு திருப்பி விட வழி இருக்கிறதா? இல்லையென்றால், அவள் கேட்ட கேள்விக்கு ஐந்து வயதுக்குப் புரிகிற மாதிரி நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? எழுதுங்கள். பரிகாரம் மட்டும் எழுத வேண்டாம். அதை நான் கேட்கவில்லை.