பாறை பார்க்க வந்தவரின் பாக்கெட்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மானையும் பாறையையும் பார்க்க பெங்களூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வருகிறார்கள் என்று மகள் சொன்னபோது நான் நம்பவில்லை. கோலார் தங்கவயலுக்கு இதுவரை வந்தவன் எவனும் சும்மா பார்க்க வந்ததில்லை. வந்தவன் எல்லாம் எதையாவது எடுத்துக்கொண்டு போகத்தான் வந்தான். இப்போது மட்டும் எரிமலைப் பாறையில் என்ன அப்படி ஆசை என்று கேட்டேன். அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அது முதல் நாள். நிலவியல் படித்துவிட்டு இரண்டு வருஷமாக வேலை தேடி, பெங்களூருக்கு ரயிலில் போய் வந்து களைத்துப்போனவள். வார இறுதியில் ஆட்களைக் காட்டுக்கும் மலைக்கும் கூட்டிப்போகிற ஒரு சின்ன அமைப்பு அவளை வழிகாட்டியாக ஒருமுறை முயன்று பார்க்கச் சொல்லியிருந்தது. வந்தவர்கள் மனம் குளிர்ந்து போனால் மாதம் இரண்டு ஞாயிறு அவளுக்கு. யாராவது ஒருவர் முகம் சுளித்தாலும் அவர்கள் பெங்களூரிலிருந்தே ஆளைக் கூட்டிவருவார்கள். இதை அவள் எனக்கு மூன்று முறை சொன்னாள். மூன்று முறை சொன்னதற்குக் காரணம் என்னை அவளுக்குத் தெரியும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்த பிறகு அவருடைய கணக்கில் எனக்குச் சுரங்கத்தில் காவல் வேலை கிடைத்தது. நந்திதுர்க் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியில், ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வருகிற ஒவ்வொருவனும் தங்கக் கல்லை ஒளித்து எடுத்து வருகிறானா என்று சோதிப்பதுதான் என் வேலை. சுரங்கம் மூடின பிறகு பெங்களூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. அங்கேயும் பை திறந்து காட்டச் சொல்கிற வேலைதான். முழங்கால் போன பிறகு போன வருஷம்தான் வீட்டோடு உட்கார்ந்தேன். என் கை என் பாக்கெட்டுக்குள் இருந்த நேரத்தைவிட அடுத்தவன் பாக்கெட்டுக்குள் இருந்த நேரம் அதிகம். அதனால் எவனைப் பார்த்தாலும் முதலில் எங்கே உப்பியிருக்கிறது என்றுதான் கண் போகும். சம்பந்தி வீட்டாரைக்கூட அப்படிப் பார்த்துப் பெரிய மகன் கல்யாணத்தில் கெட்ட பேர் வாங்கியிருக்கிறேன்.

முன்பின் தெரியாத கூட்டத்தோடு மகளைத் தனியாக அனுப்ப மனம் ஒப்பவில்லை. நானும் வருவேன் என்றேன். அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"நீ கடைசில வா. யாரும் பின்னால நின்னுடாம பாத்துக்கோ, அது போதும். யாரையும் இன்னா ஏதுன்னு கேக்காதப்பா."

சரி என்று தலையாட்டினேன்.

வேன் ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டது. ஸ்கெலட்டன் என்கிற இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் இறங்கினார்கள். பதினாலு பேர். அமைப்பின் சார்பில் வந்த இளைஞன் கையில் அட்டை வைத்துக்கொண்டு தலைகளை எண்ணினான். எண்ணுகிற சாக்கில் அவன், சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டின எங்கள் லைன் வீடுகளைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. போனில் வழியைக் குறித்துக்கொள்கிறேன் என்றான். நாளைக்கு இந்த வழியாக வீட்டை இடிக்க ஜேசிபி வராமல் இருந்தால் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றையும் கலந்து பேசினாள். குப்பை போடக்கூடாது, மானைக் கண்டால் சத்தம் கூடாது, பாறையிலிருந்து ஒரு துண்டுகூட எடுக்கக்கூடாது. கடைசியாகச் சொன்ன விதி எனக்காகவே போட்டது போலிருந்தது. பதினாலு பேரின் பாக்கெட்டையும் அப்போதே ஒரு பார்வை பார்த்துவைத்தேன்.

அவரை அப்போதுதான் கவனித்தேன். எழுபது வயது இருக்கும். அகலமான தொப்பி, முகத்தில் துணி மாஸ்க், இரண்டு பக்கமும் பெரிய பாக்கெட் வைத்த பேன்ட், புது ஷூ. தனியாக வந்திருந்தார். ஒவ்வொருவராக ஊரைச் சொல்லும்போது அவர் "பெங்களூரு" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். காபி குடித்தீர்களா என்று கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தேன். தலையை மட்டும் அசைத்தார். பேச வாயுள்ளவன் பேசாமல் இருந்தால் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

சைனைட் மேட்டைத் தாண்டி, புல்வெளி ஓரமாக நடந்தோம். சுரங்கத்தில் அரைத்துப்போட்ட மண் மலையாகக் குவிந்த மேடு அது. காற்றடித்தால் வெள்ளைத் தூள் பறக்கும். அந்தப் புல்வெளியில்தான் வெளிமான்கள் மேயும். அன்றைக்கு ஒன்பது இருந்தன. ஒரு பெரிய ஆண் மான், முறுக்கின கொம்போடு, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். மகள் மெல்லிய குரலில், ஆண் மானுக்கு வயதாக ஆக முதுகு கறுத்துக்கொண்டே போகும் என்று சொன்னாள். அவ்வளவு அழகாகச் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

எல்லோரும் மானைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்தத் தொப்பிக்காரர் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தார். தூரத்தில் பழைய ஷாஃப்ட்டின் இரும்புக் கோபுரம் தெரிகிற பக்கம். மான் பார்க்க வந்தவனுக்கு ஷாஃப்ட்டில் என்ன வேலை? அந்த நிமிஷத்திலிருந்து மானையும் மயிலையும் விட்டுவிட்டேன். கண்கொத்திப் பாம்பாக அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாறைக்கு ஏறுகிற இடத்தில் என் சந்தேகம் முற்றியது. பெரிய ஏற்றம் இல்லை, எங்கள் ஊர்ப் பெண்கள் விறகுச் சுமையோடு ஏறுகிற இடம்தான். கூட்டம் முன்னே போக, அவர் பின்தங்கினார். ஒரு இடத்தில் குந்தி உட்கார்ந்தார். கீழே கிடந்த கல்லைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். கை பாக்கெட்டுக்குப் போய்விட்டு வந்தது. எழுந்தார், இருபது அடி நடந்தார், மறுபடியும் குந்தினார். மறுபடியும் கல், மறுபடியும் பாக்கெட். மூன்றாவது முறை நான் பக்கத்தில் போனதும் ஷூ லேஸைக் கட்டுவது போல் நடித்தார்.

சுரங்கத்தில் கல் திருடுகிறவன் நின்றுகொண்டு திருடமாட்டான். குந்தி உட்கார்ந்து ஷூவைச் சரிசெய்வான். பூமிக்கடியில் வேலை நடக்கிற லெவலில் மேஸ்திரி கண்ணிலிருந்து தப்புகிற வழி அதுதான். ஷூவில் இல்லையென்றால் துணியில் சுற்றி இடுப்பில் இருக்கும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். வேலை போய் இத்தனை வருஷம் கழித்து, கண்ணெதிரே ஒருத்தன் அதையே செய்கிறான். உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என் மகள் விதி போட்ட இடத்தில் கைவைக்கிறான், அகப்பட்டான் என்று நினைத்தேன்.

மேலே அரசாங்கம் போர்டு வைத்த பாறை. கறுப்புப் பாறைக்குள் வெளிர்க் கற்கள், கேசரியில் முந்திரி கிடப்பது போல் பதிந்து கிடக்கும். எரிமலை வெடித்தபோது பறந்து விழுந்த துண்டுகள் என்று மகள் விளக்கிக்கொண்டிருந்தாள். இதற்குப் பக்கத்திலேயே கடலுக்கடியில் உறைந்த எரிமலைக் குழம்பும் தலையணை தலையணையாக இருக்கிறது என்றாள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிற ஊரில் கடல் இருந்ததாம். பதிமூன்று பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அட்டைக்கார இளைஞன்கூட எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

தொப்பிக்காரர் கடைசியாக ஏறிவந்தார். வலது பக்கப் பாக்கெட் உப்பியிருந்தது. நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், பாக்கெட்டக் காட்டுங்க."

தமிழிலேயே சொன்னேன். கோபத்தில் வேறு பாஷை வரவில்லை. குரலும் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. கூட்டம் திரும்பிப் பார்த்தது.

அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. தொப்பியைக் கழற்றிப் பாறைமேல் கவிழ்த்து வைத்தார். மாஸ்கைக் கீழே இழுத்தார். ஷூ இரண்டையும் கழற்றித் தலைகீழாகத் தட்டினார். கால்களை அகட்டி வைத்து, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். பிறகு வாயைத் திறந்து நாக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாக்கெட்டைக் காட்டச் சொன்னால் வெளியூர்க்காரன் சண்டைக்கு வருவான், இல்லை பாக்கெட்டைத் திறந்து காட்டுவான். நாக்கைத் தூக்கமாட்டான். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் எங்கள் ஷாஃப்ட்டுகளில் கேஜை விட்டு இறங்கி வரிசையில் நின்றவர்கள் மட்டும்தான். அவர் காட்டின முறையும் அங்கே காட்டுகிற அதே முறைதான். தலை, கால், கை, வாய்.

தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் என் கை நிற்கவில்லை. அக்குளைத் தடவினேன், இடுப்பைத் தடவினேன், வலது பாக்கெட்டுக்குள் கையை விட்டேன். கைக்குட்டையில் சுற்றிக் கெட்டியாக ஏதோ வந்தது. பிரித்தால், மூச்சுக்கு இழுக்கிற நீல பம்ப். இடது பாக்கெட்டில் ஒரு மாத்திரை அட்டை. ஒரு சின்னக் கல்கூட இல்லை. பிறகு குனிந்து நாக்குக்கு அடியிலும் பார்த்தேன்.

"அப்பா."

மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அட்டைக்கார இளைஞன் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டான். பெரியவர் கையை இறக்கி, என் கையிலிருந்த பம்பை வாங்கி இரண்டு முறை இழுத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்குவதை அப்போதுதான் கேட்டேன். அந்தச் சத்தத்தை எங்கள் லைன் வீடுகளில் பாதி வீட்டில் கேட்டிருக்கிறேன். பாறைத்தூள் நெஞ்சில் உட்கார்ந்தவனின் மூச்சு.

மூச்சு கொஞ்சம் அடங்கியதும் அவரே சொன்னார், அவர் இந்த ஊர்க்காரர்தான். சுரங்கம் மூடும்வரை கீழே துளைபோடுகிற வேலை. அதற்குப் பிறகு பெங்களூரில் மகன் வீடு. மகனுக்குத் தெரியாமல் பணம் கட்டி வந்திருக்கிறார். ஏறும்போது மூச்சு முட்டியிருக்கிறது. நின்று இளைப்பாறினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கல்லைப் பார்ப்பது போல் குந்தியிருக்கிறார், முதுகைக் காட்டி பம்பை இழுத்திருக்கிறார். இந்த ஊர் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சொன்னா பேசச் சொல்லுவீங்கம்மா. பேசினா இன்னும் வாங்குது."

இளைஞன் விஷயத்தைப் புரிந்துகொண்டு, மிகவும் மரியாதையாக அவரிடம் மன்னிப்புக் கேட்டான். புகார் கொடுக்க விரும்பினால் இப்போதே எழுதிக்கொள்கிறேன், இதைச் சும்மா விடமாட்டோம் என்றான். அட்டையில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றான். என் மகள் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பேனா முனையில் அவளுடைய இரண்டு வருஷம் இருந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

பெரியவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கம்ப்ளெய்ன்ட் ஒண்ணும் இல்ல. அவுரு கேட்டாரு, நான் காட்டினேன். இங்க அப்பிடித்தான்."

இளைஞன் அதற்குமேல் கேட்கவில்லை. மகள் இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து எரிமலையைத் தொடர்ந்தாள். நான் பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நந்திதுர்க் ஷாஃப்ட்டா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்படியென்றால் நானே உங்களைச் சோதித்திருப்பேன், என் முகம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"வாயத் தொறந்துகினு நிக்கறப்ப சர்ச் பண்றவுங்க மூஞ்ச யாரு பாப்பாங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் யார் முகமும் ஞாபகம் இல்லை. இறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தானே இறங்கினார். நான் இரண்டு அடி பின்னால் வந்தேன்.

மத்தியானம் வேன் போன பிறகு மகளும் நானும் வீட்டுக்கு நடந்தோம். எல்லோரும் நன்றாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாதம் இரண்டு ஞாயிறு அவளுக்கு உறுதி என்று இளைஞன் சொல்லிவிட்டான். அடுத்த முறை கூட்டத்தின் கடைசியில் நடக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னாள். சரி என்றேன். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவள் கத்தவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"அவுரு கைய தூக்கினப்பவே நம்ம ஆளுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். அப்புறம் எதுக்குப்பா அவுரு வாய்க்குள்ள பாத்த?"

பழக்கம் என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் சொன்னது உண்மை இல்லை. அப்போதும் அங்கே ஏதாவது இருக்கும் என்றுதான் பார்த்தேன்.