காற்றின் கண்

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் பழைய வீடுகளில் இருப்பவர்கள் குளிர் தொடங்குமுன் யன்னல்களுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டிவிடுவார்கள். நான்கு ஓரமும் ஒட்டி, ஹெயார் டிரையரால் சூடு காட்டினால் தாள் மேளத்தோல் மாதிரி இறுகிவிடும். எனக்கு எரிச்சல் தரும் வேலை அது. ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் கழன்று வரும்.

இந்த முறை மேல்வீட்டு ஜப்பானியப் பெண்மணி கைகொடுக்க வந்தார். பேக்கரியில் வேலை; ஆங்கிலம் படிக்கிறார். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அது அவருக்கு மனதில் நிற்காதாம். டிரையரைப் பிடித்தபடியே, ‘விண்டோ’ வைக்கிங் கடலோடிகளின் மொழியிலிருந்து வந்தது, பொருள் ‘காற்றின் கண்’ என்றார். அந்தக் காலத்தில் கண்ணாடி இல்லை, சுவரில் ஒரு துவாரம்தான்.

முப்பது வருடமாக விண்டோ, விண்டோ என்கிறேன், இது தெரியாது. ஆனாலும் தமிழை விட்டுக்கொடுக்க முடியுமா? எங்களிடமும் காலதர் என்று ஒரு பழைய சொல் உண்டு, கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி என்றேன். அவர் டிரையரை நிறுத்திவிட்டு, “காலதர், காலதர்” என்று சொல்லிப் பார்த்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. யன்னல் என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் தந்த கதையையும் தொடங்கினேன். கழன்ற ஓரத்தைப் பிடித்திருந்த கை தானாகத் தாளை விட்டது; அது சரிந்து என் தலையில் விழுந்தது.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி சத்தம் போட்டார்: “கண்ணோ வழியோ, கதைச்சது காணும். குளிர் வருது, முதல்ல அதை அடையுங்கோ!”

என்ன சொல்கிறார் என்று ஜப்பானியப் பெண்மணி கேட்டார்.

“விண்டோவுக்கு மொன்றியலில் என்ன பொருள் என்று சொல்கிறார்” என்றேன்.