கடைசியாக அழுதவளுக்குப் பகல் டூட்டி

தென்காசியில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில், சனிக்கிழமை மத்தியானம் ஆனால் மேட்ரன் அம்மாவின் மேசையைச் சுற்றி மொய்த்துவிடுவோம். அடுத்த வாரம் யாருக்குப் பகல், யாருக்குச் சாயங்காலம், யாருக்கு இரவு என்று அப்போதுதான் அவர் எழுதுவார். எழுபதுகளின் கடைசி அது. மேட்ரன் அம்மா மகா கண்டிப்பு என்று ஊருக்குள் பெயர். எங்களுக்குத்தான் தெரியும், மனசு வெண்ணெய். "மாமியாருக்கு முடியலம்மா" என்று ஒருத்தி மூக்கை உறிஞ்சினால் போதும், எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதுவார். அடுத்தவள் வந்து கண்ணைக் கசக்கினால் மறுபடியும் அடிப்பார். கடைசியாக அழுதவளுக்குப் பகல் டூட்டி என்பது எங்களுக்குள் பழமொழியே ஆகிவிட்டது.

எனக்கு அழ வராது. அதனால் இரவு டூட்டியெல்லாம் என் தலையில்தான் விடியும்.

அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. வீட்டுக்காரருக்கு ரயில்வே ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை. அவருக்கும் இரவும் பகலும் மாறி மாறித்தான் வரும். ஆனால் பொங்கலன்று தனக்கு வேலையா ஓய்வா என்பதை ஆடி மாசமே சொல்லிவிடுவார். எனக்கோ வருகிற திங்கட்கிழமை எப்படி என்றே தெரியாது. நான் கிளம்பும்போது அவர் வருவார். வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொள்வதுதான் எங்கள் குடித்தனம். ஒருநாள் எரிச்சலில் கேட்டேன்.

"ஒங்களுக்கு மட்டும் எப்படி முன்கூட்டியே தெரியுது?"

"எங்களுக்கு வாராவாரம் யாரும் புதுசா எழுத மாட்டாவ. ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும். இந்த வாரம் அவன் நின்ன எடத்துல அடுத்த வாரம் நான் நிப்பேன்."

"நடுவுல யாராச்சும் அழுதா?"

"அழுதா ரயிலு நிக்குமாட்டி?" என்று சிரித்தார்.

மறுநாளே, ஆஸ்பத்திரியில் தூக்கிப்போடும் மருந்துக் குப்பிகளின் ரப்பர் மூடிகளைக் கழுவி எடுத்துவந்தேன். ஒரு மூடிக்கு ஒரு நர்ஸ். அடுப்பங்கரைத் தரையில் நானும் அவரும் கட்டம் போட்டு, மூடிகளை நான்கு கூட்டமாகப் பிரித்து வைத்தோம். ஒரு கூட்டம் பகல், ஒன்று சாயங்காலம், ஒன்று இரவு. நான்காவது கூட்டம் மற்றவர்கள் விடுப்பு எடுக்கும்போது அவர்கள் இடத்தில் நிற்க வேண்டும். வாரம் பிறந்தால் எல்லோரும் ஒரு கட்டம் நகர வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. முதலில் வைத்தபோது புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூட்டத்தில் வந்துவிட்டார்கள். அதைக் கலைத்து வைத்தால், இரவு முடித்து வருகிறவளை உறங்கவிடாமல் காலையிலேயே வேலைக்கு இழுத்திருந்தேன். மூடிகளை நகர்த்திக்கொண்டே இருந்ததில் குழம்பு வற்றி அடிப்பிடித்துவிட்டது. தயிரை ஊற்றிச் சாப்பிட்டோம்.

கடைசியில் ஒழுங்குக்கு வந்ததை அட்டையில் எழுதி மேட்ரன் அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நான் எங்கன இருக்கேன்?"

"நீங்க இனிமே எழுதவே வேண்டாம்மா. அது தானா சுத்தும்."

அவர் முகம் வாடியது. "அப்பம் பிள்ளையள் எங்கிட்ட எதுக்கு வந்து பேசுவாவ?" என்றார். ஆனாலும் பார்ப்போம் என்று அட்டையைச் சுவரில் மாட்டச் சொன்னார்.

எல்லோருக்கும் பிடித்துத்தான் போனது. ஒருத்தியின் அப்பா, நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க ஜோசியரிடம் போகும் முன் எங்கள் அட்டையைப் பார்த்துவிட்டுப் போனார்! எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே நாளில் ஓய்வு வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பேரும் நாள் முழுக்க உறங்கினோம்.

சில வாரம் கழித்து, ஒருநாள் காலையில் டூட்டிக்குப் போனேன். மேட்ரன் அம்மா வாசலிலேயே காத்திருந்தார்.

"ஒஞ் சக்கரம் நல்லாத்தான் சுத்துது. ஒருத்தி மேல ஏறிச் சுத்துது, பாத்தியா?"

துணி அடுக்கும் அறைக்கு என்னைக் கூட்டிப்போனார். வடகரையிலிருந்து வருகிற நர்ஸ், போர்வைக் கட்டின்மேல் சுருண்டு படுத்திருந்தாள். சாயங்கால டூட்டி முடிவதற்குள் வடகரைக்குக் கடைசி பஸ் போய்விடும். அந்த வாரம் முழுக்க அவள் இங்கேயே படுத்து, விடிந்த பிறகு வீட்டுக்குப் போயிருக்கிறாள். வீட்டில் கைக்குழந்தை. முன்பு சனிக்கிழமைதோறும் அதிகமாக அழுதவள் அவள்தான். அந்த அழுகையை நாங்கள் நடித்துக்காட்டிச் சிரித்ததுண்டு.

எழுப்பி உட்காரவைத்து, "ஏன் சொல்லல?" என்றேன்.

"யாருகிட்ட சொல்ல அக்கா? அட்டைகிட்டயா?"

மேட்ரன் அம்மா ஃப்ளாஸ்கைத் திறந்து அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். "ஒனக்கு என்ன வேணும், சொல்லு" என்றார்.

"சாயங்காலம் மட்டும் வேண்டாம்மா. பதிலுக்கு நைட்டு கூடுதலா ஒரு வாரம் பாக்கேன். வாறதுக்கும் போறதுக்கும் பஸ் இருக்குல்லா. பகல்ல பிள்ளைகூட இருந்துக்கிடுவேன்."

இரவு டூட்டியைக் கேட்டு வாங்குகிற ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவிலேயே குடியிருந்த ஒரு சிஸ்டருக்கு இரவு கண் விழித்தால் ஒற்றைத் தலைவலி வரும். மேட்ரன் அம்மா அவளைக் கூப்பிட்டு, இவளுடைய சாயங்காலத்தை அவளுக்கும் அவளுடைய இரவை இவளுக்கும் மாற்றிவிட்டார். அவளுக்கும் சந்தோஷம். அட்டை அப்படியே இருக்கட்டும், கஷ்டம் உள்ளவர்கள் சம்மதிக்கிற இன்னொருத்தியோடு மாற்றிக்கொள்ளட்டும், ஜோடி சேர்ப்பது மேட்ரன் அம்மா பொறுப்பு என்று முடிவானது. சனிக்கிழமை மத்தியானம் மறுபடியும் அவர் மேசையைச் சுற்றிக் கூட்டம். யார் வீட்டில் என்ன பாடு என்று அவருக்குத்தான் தெரியும். எனக்குத் தோன்றவே தோன்றாத ஜோடிகளையெல்லாம் சேர்த்துவைப்பார்.

அடுத்த சாரல் காலத்தில் எங்கள் கூட்டத்துக்கு ஒரே நாளில் விடுப்பு வந்தது. வழுக்கி விழுந்து கைகால் பிசகி வருகிறவர்களுக்குக் கட்டுப் போட்டே கழியும் குற்றால சீசனில், நாங்களே குளிக்கப் போனது அதுதான் முதல் தடவை. அன்று ஓய்விலிருந்த வடகரைக்காரியையும் அவள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, மேட்ரன் அம்மாவையும் விடாமல் இழுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனோம். எப்போதும் வெள்ளைச் சீருடையில் இருப்பவரைப் பச்சைச் சேலையில் பார்த்ததே எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. எனக்குக் குளிர் ஆகாது, கரையிலேயே இருக்கேன் என்றவர், ஒரு தடவை அருவியில் தலையைக் கொடுத்தார். அவ்வளவுதான். நாங்கள் குளித்துத் தலை துவட்டிய பிறகும் வரவில்லை. வடகரைக்காரி கூப்பிட்டுப் பார்த்தாள்.

"நேரமாச்சும்மா, வாங்க!"

"போங்கட்டி! எனக்கும் இன்னைக்கு லீவுதான்" என்று அருவிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் வடகரைக்காரியின் பிள்ளை மேட்ரன் அம்மா மடியில் உறங்கிப்போனது. கொஞ்ச நேரத்தில் அவரும் உறங்கிவிட்டார். ஈரத் தலையோடு எல்லோரும் அவரைச் சுற்றி நின்றுகொண்டு, ஸ்டாப் வந்தால் யார் எழுப்புவது என்று கிசுகிசுத்துக்கொண்டே வந்தோம்.